எல்லை விவரம்

ராசாவுக்குச் சிலை இருக்கிறது,
முத்திரைச் சந்தியில், குதிரையோடு.
நான் சொல்ல வந்தது
காணிப் பதிவகத்தின் இரும்பு அலுமாரிக்குள்
மடித்து வைத்திருக்கிற நகரத்தைப் பற்றி.

பதினாறு வருடமாக நொத்தாரிசிடம்
உறுதி தட்டெழுதுகிறேன்.
நல்லூர் ஒருகாலம் இராசதானி என்று
பள்ளிக்கூடம் ஒரு பக்கத்தில் சொல்லி முடித்தது.
காணிப்பெயர்கள் இன்னும் முடிக்கவில்லை.
யானை இளைத்த தாழ்வு, இரண்டு பரப்பு.
பல்லக்கு இறக்கி, ஏழேகால் குழி.
கடன் கேட்டான் புலம்.
கேட்டவன் ஆர், கொடுத்தார்களா,
அந்த யானை பிறகு தேறியதா,
உறுதியில் இல்லை.
உறுதியில் கிணற்றுப் பங்கு இருக்கும்,
வழி வாய்க்கால் இருக்கும்,
பனையும் வடலியும் எண்ணி இருக்கும்.
கதையை ஒருவரும் ஈடு வைப்பதில்லை.

போன ஆவணியில் பாரிசிலிருந்து
தில்லைநடேசன் வந்தார், தாய்வழி உறுதியோடு.
தொண்ணூற்றைந்தில்
சைக்கிள் கரியரில் சாவகச்சேரி போய்
திரும்பி வந்த உறுதி அது.
ஒரு மூலையில் மண்ணெண்ணெய் ஊறி
மறுபக்கத்து எழுத்தும் தெரிந்தது.
நாலு பரப்பு. கலியாண மண்டபம் கட்டப்போகிறார்.
குளிரூட்டி, ஐந்நூறு கதிரை,
பின்னால் கார் விட இடம்.

அட்டவணையை உரக்க வாசித்தேன்:
'மணமறுத்தாள் வளவு எனும் பெயருடைய காணி.'

நொத்தாரிசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
சிரிப்பை அவர் அடக்குகிற விதம் அது.

"உது என்ன பிள்ளை கண்டறியாத பேர்?
உந்தப் பேரிலை ஆர் வந்து தாலி கட்டுவினம்?
எடுத்துவிடுங்கோ. நம்பர் போதும்."

எடுக்கலாம்.
அதற்கு முதல் முன்னுறுதிகளைத் தேடவேண்டும்,
அது என் வேலை.
மூன்று நாள் தூசி தின்றேன்.
பின்னுக்குப் பின்னுக்குப் போகத்
தாள் மஞ்சளாகி, மை மண்நிறமாகி,
ஒல்லாந்தர் தோம்பைப் பார்த்து
எவனோ இறக்கி எழுதிய பிரதியில்
ஒரு வரி:
உமையாத்தை பங்கு. சந்ததி இல்லை.
யாரை மறுத்தாள் என்று எழுத
எழுதினவனுக்குச் சம்பளம் இல்லை.

பிறகொரு நாள், வேறு ஆளின் அலுவலாக
மேற்குப் பக்கத்துக் காணியைப் புரட்டினேன்.
அதன் கிழக்கெல்லை:
முதலி காத்து நின்ற ஒழுங்கை.

தில்லைநடேசனின் உறுதியில் அது வெறும் ஒழுங்கை.
எனக்கும் நேற்றுவரை அப்படித்தான்.
ஐஸ்கிரீம் கடையின் பின்சுவர்,
தண்ணீர்ச் சபை தோண்டி மூடாமல் விட்ட குழி,
மோட்டார் சைக்கிள் இரண்டு
ஒன்றையொன்று விலத்த முடியாத எட்டடி.
எட்டடிக்கு அந்தப் பக்கம்
ஒருத்தி இல்லையென்றாள்.
இந்தப் பக்கம் ஒருவன் நின்றான்.
எத்தனை நாள்? தலைப்பாகையோடா? மழையிலா?
நின்றது ஒரு தெருவுக்குப் பெயராகும் அளவுக்கு.
அல்லது, யார் கண்டது,
கடன் கேட்கத்தான் நின்றானோ.

ஒருவருக்கும் சொல்லவில்லை.
கேட்டபடி தட்டிக் கொடுத்தேன்:
வரி இலக்கம், வரைபட இலக்கம், நாலு பரப்பு.
பெயர் இல்லை. முத்திரை விழுந்துவிட்டது.
தையில் திறப்புவிழா,
எனக்கும் தங்க எழுத்தில் ஒரு அழைப்பு.

ஆனால் வடக்குக் காணிக்காரர்
ஸ்காபரோவில் இருக்கிறார்கள்.
அவர்கள் பெட்டியில்,
தெற்கு: மணமறுத்தாள் வளவு.
கிழக்கே கோயில் பனங்காணி, அதில்
மேற்கு: மணமறுத்தாள் வளவு.
தெற்கே முப்பத்திரண்டு வருடமாய் வழக்கு.
இரண்டு பக்கத்து அப்புக்காத்துமாரும்
ஒத்துக்கொண்ட ஒரே சங்கதி
வடக்கெல்லையின் பெயர்.

தன் காணியில் அவள் இல்லை.
அயலாரின் அலுமாரிகளில் இருக்கிறாள்,
மூன்று பக்கமும்.
நாலாம் பக்கம்
அவன் நிற்கிறான்.